அகதி

'கதி' என்றால் போக்கு, வழி, புகல்; அது இல்லாதவர் அகதி. வடசொல்தான், ஆனால் 'நீயே கதி' என்று புழங்கிப் புழங்கி நம்முடையதாகிவிட்டது. சோழநாட்டை விட்டு வந்த இராமானுசர் தங்கியதாக மரபு சொல்லும் கர்நாடகத்து மேல்கோட்டையின் வைணவத்தில், வேறு கதியில்லாமையே சரணாகதிக்குத் தகுதி. சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசுகிறது: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அச்சட்டம் தரும் உரிமைகளைப் பெற மனநோய் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது, குடியுரிமை கேட்கவில்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்வது போலீஸ் அதிகாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் கடமை.

நாட்டெல்லை தாண்டாமல் வேறு மாநிலத்துக்குப் பிழைக்க வந்தவரை அகதி என்பது மிகை என்பார்கள். சட்டப் பெயராக அது மிகைதான். சொல்லுக்குள் எல்லைக்கோடு எதுவும் இல்லையே. அப்படி வந்து, மனநோயில் சொந்த ஊர்ப்பெயர்கூடச் சொல்ல வராமல் கர்நாடக ரயில் நிலையத்தில் சுற்றுகிறவருக்கு, புரியாத கன்னடத்தில் சொல்லப்படும் உரிமை காதில் விழும், கதியாகாது. மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் வேண்டும்.