வெட்டுக்கிளியும் ஒரு கண்ணாடி ஊசியும்

பள்ளிக்கூடத்தில் மைட்டாசிஸ் படம் வரையாமல் தப்பித்தவர்கள் இங்கே யாராவது உண்டா? வட்டம் போட்டு, நடுவில் குரோமோசோம்களை அடுக்கி, ரெண்டு முனையிலிருந்தும் பென்சிலால் கோடு கோடாய் இழுத்து 'கதிர்கோல் இழைகள்'னு பாகம் குறிப்போமே, அதேதான். அந்த இழைகள் குரோமோசோமை இழுக்கின்றனன்னு எழுதினால் மார்க் விழும். எவ்வளவு பலமாய் இழுக்கின்றனன்னு வாத்தியாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டவர்களின் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கோடுகள் நிஜமா என்பதிலேயே தகராறு. ஜெர்மனியில் கீல் நகரத்து வால்தர் ஃப்ளெமிங், சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து 1882-ல் புத்தகமே போட்டார். மைட்டாசிஸ்ங்கற பெயரும் அவர் வைத்ததுதான். ஆனால் அந்தக் காலத்துச் சாயம் ஏற்ற செல்லைக் கொல்லணும். செத்த செல்லில் தெரிகிற இழை உயிரோடு இருந்தபோதும் இருந்ததா, இல்லை ரசாயனம் பட்டுப் பால் திரிகிற மாதிரி புரதம் திரிந்து உண்டானதா? இந்தச் சண்டை ஏறக்குறைய எழுபது வருஷம் ஓடியது. முடித்து வைத்தவர் ஷின்யா இனோவே. போரில் நொந்துபோன ஜப்பானில் கிடைத்ததையெல்லாம் பொறுக்கி, கழித்துப்போட்ட மெஷின்கன்னின் அடிப்பாகத்தை வைத்து (நிஜமாத்தான்!) ஒரு மைக்ராஸ்கோப் கட்டினார். அப்புறம் அமெரிக்கா போய் அதைவிட நல்லதாய் ஒன்று செய்து, 1953-ல் உயிருள்ள செல்லுக்குள்ளேயே இழைகளைக் காட்டிவிட்டார். குளிர வைத்தால் இழை கரைந்து போகும், வெதுவெதுப்பு வந்தால் திரும்ப முளைக்கும். இழை கரைவதுதான் குரோமோசோமை இழுக்கிறதோ என்ற சந்தேகம் அங்கேதான் ஆரம்பம்.

சரி, விசைக்கு வருவோம்.

பிரியும் குரோமோசோம் சுமாராக நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் நகரும். அதாவது ஒரு மில்லிமீட்டர் போகணும்னா பதினாறு மணி நேரத்துக்கு மேலே ஆகும். நம்ம ஆமை எவ்வளவோ தேவலை. செல்லுக்குள் இருக்கும் திரவம் தண்ணீரைவிடச் சில நூறு மடங்கு பிசுபிசுப்பு, அதாவது நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவிலேன்னு வைத்துக்கொண்டு, ஸ்டோக்ஸ் விதியில் எண்களைப் போட்டால் தேவையான விசை வந்துவிடும். அறுபதுகளில் போட்ட கணக்கு இது. விடை சுமார் 0.1 பிக்கோ நியூட்டன். (ஒரு நியூட்டனை லட்சம் கோடியாய் வகுத்தால் ஒரு பிக்கோ நியூட்டன். இது அதிலும் பத்தில் ஒரு பங்கு.) ராத்திரி உட்கார்ந்து நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதே விடைதான்.

கணக்கு சுத்தம். ஆனால் அமெரிக்காவில் புரூஸ் நிக்லஸ்னு ஒருத்தர் வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய்செல்களை வைத்து 1965-லேயே ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். பெரிய குரோமோசோமும் சின்ன குரோமோசோமும் ஒரே வேகத்தில் போகின்றன. அதெப்படி? எண்ணெயில் பெரிய பொருளை இழுத்தால் தடை அதிகம், அதே விசைக்கு மெதுவாகத்தானே போகணும்?

பதினெட்டு வருஷம் கழித்து, 1983-ல், டியூக் பல்கலைக்கழகத்தில் அவரே அளந்தார். வளையக்கூடிய மெல்லிய கண்ணாடி ஊசி. எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும்னு முன்கூட்டியே தெரியும். அந்த ஊசி நுனியைப் போய்க்கொண்டிருக்கும் குரோமோசோமில் கொக்கி மாதிரி மாட்டிவிட்டு வளைவைப் பார்த்தார். நினைத்துப் பாருங்கள், உயிருள்ள செல், அதற்குள் ஓடுகிற ஒரு குரோமோசோம், அதை எதிர்த்து இழுக்கிற ஒரு மனுஷக் கை. 100 பிக்கோ நியூட்டன் வரைக்கும் எதிர்த்து இழுத்தாலும் குரோமோசோம் வேகம் பெரிதாய் மாறவில்லை. அதற்குமேல் போனால் சடசடன்னு வேகம் குறைந்து, நின்றது சுமார் 700-ல்.

தேவை 0.1, கையிருப்பு 700. நூறு கிராம் வெண்டைக்காயைத் தூக்க 700 கிலோ தூக்கும் கிரேன்!

கணக்கு தப்பு இல்லை என்பதுதான் இதில் அழகு. தடையைத் தாண்ட அந்த 0.1 போதும். ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது தடை இல்லை. கிராமத்து ஆயில் இன்ஜினில் கவர்னர்னு ஒன்று இருக்குமே (ராஜ்பவனில் இருப்பவர் இல்லை :-)), சுமை ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டத்தை ஒரே சீராய் வைத்திருக்கும், அதுமாதிரி இங்கேயும் ஒன்று இருக்கணும். இழை எவ்வளவு வேகமாய்க் கரைகிறதோ அவ்வளவு வேகம்தான் குரோமோசோமுக்கு, அதைவிடச் சீக்கிரம் போக வழியில்லை. பெரிசும் சிறுசும் ஏன் சேர்ந்து போகின்றன என்பதும் இப்போ புரிகிறது.

மாடல் போடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. குரோமோசோம் வேகத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டதுன்னு ஒரு மாடலை மெச்ச முடியாது. கவர்னர் இருக்கிற இடத்தில் பின்னால் என்ன இன்ஜினை வைத்தாலும் அதே வேகம்தான் வரும்!

டெரல் ஹில் 1985-ல் இன்னொரு பக்கம் போனார். கரைந்துகொண்டே இருக்கிற இழையைக் குரோமோசோம் எப்படி விடாமல் பிடித்திருக்கும்? நுனியை ஓர் உறை மாதிரி மூடிக்கொண்டால் முடியும்னு வெப்ப இயக்கவியலை வைத்துக் காட்டினார். இழைகள் கரைவது மட்டுமே, ஏடிபி எதுவும் இல்லாமலே, குரோமோசோமை நகர்த்தும்னு 1988-ல் கோஷ்லாண்ட், மிட்சிசன், கிர்ஷ்னர் மூவரும் செல்லுக்கு வெளியே செய்தே காட்டினார்கள். ஹில்லின் உறையை அஜித் ஜோக்லேகரும் ஆலன் ஹண்டும் 2002-ல் கணிப்பொறிக்குள் ஓடவிட்டார்கள். 2005-ல் எகடெரினா கிரிஷ்சுக் குழு ஒரு குட்டி மணியை இழையில் ஒட்டி லேசரால் பிடித்துக்கொண்டு, இழை பிரிந்து சுருளும்போது மணி வெடுக்கென்று இழுபடுவதை அளந்தது. கரையும் இழைக்குப் பலம் உண்டு என்பதில் அப்புறம் சந்தேகம் இல்லை.

கதை முடிந்ததுன்னு நினைத்தால், 2013-ல் லேசர் பிடியை வைத்தே செல்லுக்குள் ஓடும் குரோமோசோமை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு தட்டைப்புழு, கிரேன் ஃப்ளைன்னு ஒரு நீளக்கால் பூச்சி, ரெண்டிலும். சில பிக்கோ நியூட்டனிலேயே நின்றுவிட்டது! நிக்லஸின் 700 எங்கே, இது எங்கே? இந்த எண் பழைய கணக்குக்கு ரொம்பப் பக்கம்.

இப்போ கணிப்பொறி மாடலில் 'அதிகபட்ச விசை' என்ற இடத்தில் எதைப் போடுவது? செல்லும் வேறு, கருவியும் வேறு, அதனால் ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிட முடியாது. என்னைக் கேட்டால் நான் ஊசிக் கட்சி. ஊசியின் வளைவைக் கண்ணால் பார்த்து அளக்கலாம். லேசரில் அப்படி இல்லை, வெளிச்சத்தின் சக்தியிலிருந்து விசைக்கு வர, குரோமோசோமின் உருவத்தைப் பற்றி ஏதாவது அனுமானம் வைத்தாகணும். ஆனால் தட்டைப்புழுவின் செல்லில் ஊசியை மாட்டி 5 தான் வருகிறதுன்னு யாராவது காட்டினால் அடுத்த நாளே கட்சி மாறிவிடுவேன்.