ஓலை, அச்சு, நடைத்தாள்: உடுவிற் பகுதியிலிருந்து ஒரு நோக்கு

நூலொன்றின் வரலாற்றை எழுதுவோர் அதன் ஆசிரியரையும் பொருளையும் காலத்தையும் ஆராய்வர். அந்நூல் வாசகனின் கண்முன் எவ்வடிவில் வந்து நின்றது, வரிக்கு எத்தனை சொல், சொல்லுக்கும் சொல்லுக்குமிடையில் எவ்வளவு வெளி என்பனவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. இவை அச்சுக்கோப்பவரின் வேலை என்று ஒதுக்கப்படுவது வழக்கம். ஆயினும், தமிழ்ப் பக்கத்தின் அமைப்பு இரு தடவைகளில் அடியோடு மாறியது. முதலாவது மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓலை அச்சுத்தாளாகியபோதும், இரண்டாவது மாற்றம் கடந்த முப்பது ஆண்டுகளில் அச்சுத்தாள் இணையப்பக்கமாகியபோதும் நிகழ்ந்தன. இரு வேளைகளிலும் பக்கத்தின் சட்டகம் வேற்றெழுத்துக்காக வேற்றிடத்திற் செய்யப்பட்டதாகவே வந்து சேர்ந்தது. அதனைத் தமிழெழுத்து எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதல் மாற்றத்தைக் காண்பதற்கு உடுவிலும் அதனையடுத்த மானிப்பாயும் மிகப் பொருத்தமான இடங்களாகும்.

அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தனர். 1820 இல் உடுவில் அவர்களுடைய நிலையங்களுள் ஒன்றாயிற்று. மைரன் வின்சுலோவும் லீவை ஸ்போல்டிங்கும் அங்கே பணியாற்றினர். 1824 இல் ஹரியற் வின்சுலோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையே பின்னர் உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. எலிசா அக்னியூ அம்மையார் 1840 தொடக்கம் 1879 வரை அதனை நடத்தினார். வாசிக்கத் தெரிந்த பெண்கள் ஒரு தலைமுறையாக உருவாகும்போது வாசிப்பதற்குரிய பக்கமும் உருவாகவேண்டியிருந்தது.

அப்பக்கம் எளிதில் வந்துவிடவில்லை. மிசன் அனுப்பிய அச்சாளர் ஜேம்ஸ் கரற் 1820 இல் இலங்கைக்கு வந்தபோது தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் அவரைத் தங்கவிட மறுத்தார். கொண்டுவந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த சேர்ச் மிசனாரிடம் போயிற்று. மிசனின் சிறுநூல்கள் பல அக்காலத்தில் ஓலையில் எழுதுவித்தே வழங்கப்பட்டன. அவ்வாறாயின், புதிய சமயமொன்றின் கருத்து பழைய பக்கத்திலேயே ஏறிச் சென்றது எனலாம். ஓலையில் எழுத்தாணி புள்ளியிட்டால் ஏடு கிழியுமென்று மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளி இடுவதில்லை. குறில் எகர ஒகரங்களுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. சொற்களுக்கிடையே வெளியும் இல்லை. செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். பாடங்கேட்டவனுக்கே ஏடு பயன்பட்டது. கேளாதவனுக்கு அது எழுத்தாற் செய்த காடு.

1834 இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சியந்திரசாலை இயங்கத் தொடங்கியது. மைனர் என்ற அச்சாளர் அதனைப் பொறுப்பேற்றார். 1841 சனவரியில் தமிழும் ஆங்கிலமும் தாங்கி 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் முதலாசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் தமிழர்களே. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி, அதாவது மானிப்பாய் அகராதி, அச்சேறியது. அகராதி என்பது அச்சுப்பக்கத்தின் கடுமையான சோதனையாகும். தலைச்சொல் கண்ணிற் படவேண்டும். பொருள் அதனின்று பிரிந்து நிற்கவேண்டும். பக்கங்கள் பெருகி விலை ஏறுதலும் ஆகாது. இச்சோதனைக்கு இன்னும் சிறந்த விடை சென்னையிற் கிடைத்தது. உடுவிலிலிருந்து சென்று 1836 இல் சென்னை மிசனைத் தொடங்கிய வின்சுலோவின் பேரகராதி, 67,000 இற்கு மேற்பட்ட சொற்களுடன் 1862 இல் அங்கிருந்த மிசன் அச்சகத்தில் அச்சிடப்பட்டது. அவ்வச்சகத்தை நடத்திய பினியஸ் ஹன்ற் சிறிய அளவான தமிழ் எழுத்துக்களைப் புதிதாகச் செதுக்குவித்தவர். பெரிய எழுத்து பல கட்டுகளை நிரப்பும். சிறிய எழுத்து ஒரே கட்டில் அடங்கும். எழுத்தின் உருவம் நூலின் விலையையும் வாசகர் தொகையையும் தீர்மானிக்கும் என்பதை இவ்வச்சாளர் பண்டிதர்களைக் காட்டிலும் நன்கு அறிந்திருந்தார் போலும்.

எனினும் எழுத்தைச் செதுக்குவதோடு பக்கம் நிறைவுறாது. அதனை வாசகனுக்கு ஏற்ப ஒழுங்குசெய்தவர் நல்லூர் ஆறுமுக நாவலராவார். 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன இயந்திரசாலையை நிறுவிய அவர், மிசனாருடைய கருவியையே அவர்களுக்கெதிராகக் கையாண்டார் என்று பலரும் எழுதியுள்ளனர். அதனினும் நுண்ணிய செய்தி ஒன்றுண்டு. ஆங்கில உரைநடைக்குரிய காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலியவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டதோடு, கற்பவருக்கு விளங்குமாறு சந்தி பிரித்தும் பதிப்பித்தார். 'பாலபாடம்' இம்முறையாற் பயன்பெற்ற நூல்களுள் தலையாயது. வேற்றுமொழிப் பக்கத்தின் குறிகளை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் எங்கே பிரிப்பது என்பதைத் தமிழிலக்கணத்தைக் கேட்டே தீர்மானித்தார். இரண்டாவது மாற்றத்தை நோக்குமிடத்து இவ்வேறுபாடு பெரிதும் உதவும்.

அவ்விரண்டாவது மாற்றம் ஐரோப்பாவிற் தொடங்குகின்றது. ரிம் பேர்ணேர்ஸ்-லீ சேர்ண் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய உலகளாவிய வலையில் பக்கங்கள் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்டன. இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல் என்று கூறுவதே அம்மொழியின் வேலை. நிறமும் அளவும் அதன் கவலையல்ல. ஆனால் தளங்களை அமைத்தோர் அழகை விரும்பினர். நிறத்தையும் எழுத்துருவையும் பந்திதோறும் எழுதினர். அட்டவணைகளின் கட்டங்களுக்குள் பக்கத்தைப் பிரித்து அடுக்கினர். ஒரு நிறத்தை மாற்றவேண்டின் நூறு பக்கங்களைத் திருத்தவேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக ஹோக்கொன் வியூம் லீ 1994 ஒக்ரோபரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். உள்ளடக்கம் ஓரிடத்திலும் அதன் தோற்றத்துக்குரிய விதிகள் வேறொரு தாளிலும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். பேட் பொஸ் அவருடன் இணைந்தார். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் முறை வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. ஆசிரியர், வாசகர், உலாவி ஆகிய மூவருடைய விதிகளும் ஒன்றன்மேலொன்றாக இறங்கி ஒரு முடிவைத் தருதல் இம்முறையின் சிறப்பியல்பாகும்.

தமிழுக்கு இங்கே ஓர் இடர் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தினின்று நடையை நீக்கினால் அழகு குறையும், வாசகம் எஞ்சும். தொண்ணூறுகளின் தமிழ்ப் பக்கத்தினின்று நடையை நீக்கினாலோ மொழியே போய்விடும். இலங்கையில் மிகப் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று தோன்றும் சொல், கணினியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசையேயாகும். அவற்றின்மேல் தமிழுருவைப் போர்த்துவது எழுத்துரு. அது வாசகரின் கணினியில் இல்லையேல் பொருளற்ற குறிகளே திரையில் நிற்கும். தோற்றத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்துவைக்குமாறு மேலைநாட்டார் போதித்தபோது, தமிழருக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன.

1995 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலையேற்றினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிற்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பிற் பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கியது. செய்தித்தளங்களோ 1997 அளவில் மைக்ரோசொவ்ற்றும் நெற்ஸ்கேப்பும் அறிமுகஞ்செய்த 'இயங்கு எழுத்துரு' முறையை நாடின. பக்கத்தோடு எழுத்துருவும் வந்திறங்கும் என்பது அதன் வசதி. ஆயினும் இரு நிறுவனத்தாரின் முறைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தளத்துக்குத் தளம் குறியீடும் வேறுபட்டது. ஒரு தளத்தின் செய்தியைப் பிறிதொன்றில் தேடுதல் இயலாது. அக்காலச் செய்திகளுட் பல, சேமிக்கப்பட்டிருந்தும் வாசிக்க முடியாதனவாயின. இழப்பென்றால் எரிந்துபோதல் மட்டுமன்று.

யுனிக்கோட்டின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வெளிவந்த பின்னரே அது சாதாரண வாசகரை அணுகியது. அதன்பின்னர்தான் தமிழ்ப் பக்கத்தின் உள்ளடக்கம் தன் காலில் நின்றது. நடைத்தாளும் தமிழுக்கு உண்மையில் நடைத்தாளாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுத் தாமதம் எனலாம்.

தமிழ் வந்துசேர்ந்தபோது, வலையமைப்பாளர்கள் சட்டகங்களின் யுகத்துள் நுழைந்துகொண்டிருந்தனர். 2007 இல் புளூபிறின்ற் வந்தது. 2011 இல் ருவிற்றர் நிறுவனத்தின் மார்க் ஓற்றோவும் ஜேக்கப் தோர்ண்ரனும் தம் நிறுவனத்தின் உட்பயனுக்காக ஆக்கிய பூட்ஸ்றப்பைப் பொதுவில் வெளியிட்டனர். பக்கத்தின் அகலத்தைப் பன்னிரண்டு நிரல்களாகப் பகுத்தல் பின்னர் பூட்ஸ்றப்பின் அடிப்படையாயிற்று. பன்னிரண்டை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதே காரணம். திரை சிறுத்தாற் பக்கமும் தன்னை மாற்றியமைக்கவேண்டும் என்னும் ஈதன் மார்க்கொற்றின் 2010 ஆம் ஆண்டுக் கருத்தும் இவற்றுடன் கலந்தது. 2017 இல் இருவேறு நிகழ்வுகள் இடம்பெற்றன. முதன்மை உலாவிகள் கட்டவரிசை அமைப்பைத் தாமே ஏற்றுக்கொண்டன. அதனாற் பன்னிரு நிரல்களுக்காக மட்டும் ஒரு சட்டகத்தைச் சுமக்கவேண்டிய தேவை குறைந்தது. மற்றொரு புறத்தில், ஆயத்தப் பெட்டிகளைத் தராது சிறுசிறு விதிகளை மட்டும் தரும் ரெயில்விண்டை அடம் வாதன் வெளியிட்டார்.

எச்சட்டகத்தைத் தெரிவது என்னும் வினாவுக்கு அமைப்பாளர்கள் வேகம், எளிமை, புதுமை என விடை கூறுவர். தமிழ்ப் பக்கத்துக்கு வினா வேறாகும். பூட்ஸ்றப்பின் மூன்றாம் பதிப்பு வரியுயரத்தை எழுத்தளவின் 1.43 மடங்கு எனக் கொண்டது. நான்காம் பதிப்பில் அது 1.5 ஆயிற்று. உரோம எழுத்துக்கு இவை போதும். தமிழிலோ இகர ஈகார விசிறிகள் மேலே எழ, உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். மேல்வரியின் 'ஞூ' கீழ்வரியின் 'கீ'யை முட்டாதிருக்க 1.7 அளவேனும் வேண்டும். பெரிய எழுத்தாக மாற்றும் விதி தமிழிற் பயனற்றது. எழுத்துக்களிடையே வெளியைக் கூட்டி ஆங்கிலத் தலைப்பை எடுப்பாக்கலாம். தமிழில் அவ்வெளி சொல்லைச் சிதறடிக்கும். தடித்த எழுத்து எழுத்துருவில் இல்லாதபோது உலாவி தானே பருமனாக்கும். அப்போது 'ண'கரத்தின் சுழிகள் அடைபட்டுக் கறுத்துவிடும். சாய்வெழுத்தை ஆங்கில வழக்கப்படி இடுதலும் அவ்வளவு பொருத்தமன்று.

இவற்றுட் கடினமானது சொல்லின் நீளம். 'பல்கலைக்கழகங்களிலிருந்து' என்னும் ஒரே சொல் கைத்தொலைபேசித் திரையின் ஒரு வரியை நிரப்பப் போதுமானது. ஒடுங்கிய நிரலில் அது பெட்டியைத் துளைத்து வெளியே நீளும். இரு பக்கமும் ஒழுங்காக்கினாற் சொற்களிடையே வெண்ணிறப் பள்ளங்கள் தோன்றும். பழைய அச்சுக்கோப்பாளர் எழுத்து முடிந்த இடத்தில், இடைக்கோடுமின்றி, சொல்லை முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசென்றனர், வாசகரும் பழகியிருந்தனர். உலாவி அவ்வாறு செய்ய வேண்டுமாயின், பக்கத்தின் மொழி தமிழென முதலில் அறிவிக்கப்படல் வேண்டும். சொன்முறிவுக்குரிய விதியும் எழுதப்படல் வேண்டும். சட்டகத்தின் முன்முடிவுகளில் ஆங்கிலமே கருதப்பட்டிருத்தலால், இவ்விரு சிறு வரிகளையும் எவரேனும் ஒருவர் நினைவோடு சேர்த்தாகவேண்டும். பாலபாடத்தில் நாவலர் எதிர்கொண்டதும் எங்கே பிரிப்பது என்னும் இவ்வினாவையே.

இலங்கையில் இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. மும்மொழித் தளமொன்றை ஆக்கும்போது ஆங்கிலத்தில் வரைந்து முடித்த சட்டகத்துக்குள் ஏனைய இரு மொழிகளையும் இறுதியில் ஊற்றுதல் வழக்கமாகிவிட்டது. படிவத்தை அனுப்புவதற்குரிய பொத்தானில் தமிழ்ச்சொல்லின் வால் வெட்டுண்டு நின்றால், விண்ணப்பிக்க வந்தவர் ஆங்கிலப் பக்கத்துக்கே போவார். சட்டத்தில் உள்ள உரிமை பெட்டியின் அகலத்திற் குறைகின்றது. பூட்ஸ்றப்பின் நான்காம் பதிப்புக் கோப்பு சுருக்கிய பின்னரும் ஏறத்தாழ 150 கிலோபைற்று அளவினதாதலால், வலையிணைப்பு மெலிந்த கிராமத்தில் அதற்கும் விலையுண்டு. பயன்படுத்தாத விதிகளைக் கழித்துவிடும் ரெயில்விண்ட் முறை இவ்வகையில் மேலானதெனலாம். இன்னும், சில பக்கங்களே கொண்ட பாடசாலைத் தளமொன்றுக்கு எச்சட்டகமும் வேண்டியதில்லை. இருநூறு வரி நடைத்தாளே போதும்.

பழைய பக்கங்களின் நிலையென்ன? 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படிமங்களாக வலையேற்றி வருகின்றது. படிமத்தில் அச்சுக்கோப்பாளரின் வரிமுறிவும், தேய்ந்த எழுத்தும், மை பரந்த இடமும் அப்படியே இருக்கும்; ஆனால் எந்நடைத்தாளும் அதனுள் நுழைய முடியாது. கைத்தொலைபேசியில் வாசிப்பவர் பக்கத்தை இடமும் வலமும் இழுத்து வரிவரியாக வாசிக்கின்றனர். மதுரைத் திட்டம்போற் தட்டெழுதினாற் பாடம் திரைக்கேற்ப ஒழுகும். பக்கத்தின் முகம் மறையும். இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

தட்டெழுதுபவர் முன் ஒரு சிறு சிக்கலும் வரும். 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தின் முன்னர் ணை, லை, ளை, னை என்பன கொம்பு வளைந்த பழைய உருவில் அச்சிடப்பட்டன. ணா, றா, னா என்பனவும் அவ்வாறே. இலங்கையில் அவ்வுருக்கள் மேலும் சில காலம் நீடித்தன. யுனிக்கோட் இவற்றுக்குத் தனிக் குறியீடு வழங்கவில்லை. பழைய உருவும் புதிய உருவும் ஒரே எழுத்தென்பது அதன் கொள்கை. வேறுபாடு எழுத்துருவின் பொறுப்பு. ஆகவே 'வண்ணார்பண்ணை' என்று ஒருமுறை தட்டெழுதிய பாடத்தை, மானிப்பாய் அச்சின் 'ணா'வோடும் இன்றைய 'ணா'வோடும் மாறிமாறிக் காட்டலாம். நடைத்தாளில் எழுத்துருவின் பெயர் நிற்கும் வரியொன்றை மாற்றினாற் போதும்.