தேவிகுளம் 1958: கூலிகளின் வாக்கு

1957 இல் கேரளத்தில் கொம்யூனிஸ்டுகள் தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்த கதை எம்மிடையே பலமுறை பேசப்பட்டதுதான். அந்த ஆட்சியின் பெரும்பான்மை எவ்வளவு சிறியது என்பதையும், அதைக் காப்பதில் தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு இருந்த பங்கையும் நாம் அதிகம் கதைப்பதில்லை.

1956 நவம்பர் 1 இல் உருவான கேரளம் நெல்வயலும் தென்னந்தோப்பும் மலைத்தோட்டங்களும் கொண்ட நாட்டுப்புற மாநிலம். குத்தகை விவசாயியின் நிலப் பிரச்சினை அதன் அரசியலின் நடுவில் இருந்தது. முதலாவது தேர்தலில் 126 இடங்களில் கொம்யூனிஸ்ட் கட்சி 60 ஐ வென்றது. அதன் ஆதரவுடன் வென்ற சுயேச்சைகள் 5 பேர். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 43 இடங்கள்தான் என்றாலும் வாக்குகளில் அதுவே முன்னின்றது: காங்கிரஸ் ஏறத்தாழ 38 வீதம், கொம்யூனிஸ்டுகள் 35 வீதம். ஏப்ரல் 5 இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். ஓரிருவர் கட்சி மாறினாலே ஆட்சி ஆட்டங்காணும் நிலை.

இந்நிலையில்தான் தேவிகுளத்தில் றோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றியைத் தேர்தல் தீர்ப்பாயம் செல்லாதென்றது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்துடன் சேர்க்கக் கோரியபோது, அங்குள்ள தமிழர் வந்துபோகும் தோட்டக் கூலிகள் என்ற வாதத்தையும் கூறி, 1955 இல் மாநில மறுசீரமைப்பு ஆணைக்குழு அவற்றைக் கேரளத்துக்கே விட்டிருந்தது. மூன்றே ஆண்டுகளில் அதே கூலிகளின் வாக்கைத் தேடிக் கட்சிகள் மலையேறின. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கொம்யூனிஸ்டுகளுக்காகத் தோட்டம் தோட்டமாகத் தமிழில் பாடினார். றோசம்மா மீண்டும் வென்றார்.

கதையை இவ்விடத்தில் நிறுத்துவது எமது இடதுசாரிகளுக்கு வசதியானது. ஆனால் அதே ஆண்டு ஒக்ரோபரில் மூணாறுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதே அரசின் பொலிஸ் சுட்டதில் இரு தொழிலாளர் இறந்தனர். வாக்களித்தவர் மீது துப்பாக்கி திரும்ப ஆறு மாதம்கூடச் செல்லவில்லை. 1959 ஜூலை 31 இல் மத்திய அரசு நம்பூதிரிபாடு அரசைக் கலைத்ததை ஜனநாயகப் படுகொலை என்று எழுதும் நாம், இந்தத் துப்பாக்கிச் சூட்டையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். 1960 தேர்தலில் எதிர்க்கட்சிகள் கூட்டுச் சேர்ந்து நின்றன. கொம்யூனிஸ்டுகளின் வாக்கு 39 வீதமாக உயர்ந்தது. இடங்களோ 29 ஆகக் குறைந்தன.

அப்படியானால் அந்த வாக்கால் என்ன பயன்? இலங்கை மலையகத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கும் தேயிலை பறித்தவர்கள் அதே தமிழகக் கிராமங்களிலிருந்து போனவர்களே. அவர்களையும் வந்துபோகும் கூலிகள் என்றே சொன்னார்கள். 1947 தேர்தலில் அவர்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பினர். 1948 இல் பிரஜாவுரிமையும் 1949 இல் வாக்குரிமையும் பறிபோயின. வாக்குரிமை பறிபோனபோது ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சராக இருந்தார். அந்த வெட்கம் யாழ்ப்பாணத்து அரசியலுக்கும் உரியது. மூணாற்றுத் தொழிலாளி தன்னை ஏமாற்றிய கட்சியை அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம். ஹற்றன் தொழிலாளியிடம் எவரும் வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. அடுத்து வந்த பல பத்தாண்டுகள் அவர்களை நாடு கடத்துவது பற்றிய பேரங்களிலேயே கழிந்தன.

ஒருகாலத்தில் வகுப்பறையில் இதையெல்லாம் அட்டவணை போட்டுப் படிப்பித்தேன். மலையகத்துக்கு ஒரு பந்திக்கு மேல் ஒதுக்கியதாக நினைவில்லை. இன்று நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தேர்தல் காலம் வந்தால் சக தொழிலாளர் இடைவேளையில் கட்சிகளைப் பற்றி வாதாடுவார்கள். என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. எனக்கு இங்கே வாக்கில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு பந்தியைத் திருத்தி எழுத இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.