பெல்ட் கத்தினால் ஒயில் விடலாமா? தோல் வாரின் காலத்திலிருந்து ஒரு கதை

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து கைவசம் இருந்த ஸ்கூட்டிகளையே திருத்தித் திருத்தி ஓடிப் பழகிவிட்டோம். இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னும், புதியதின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதுக்கே திரும்பி வருகிறோம். காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கும்போது கேட்கும் அந்தக் 'கீச்' சத்தம் பலருக்கும் பழகியதுதான். "பெல்ட்டுக்குக் கொஞ்சம் ஒயில் விடுங்க" என்று சொல்ல ஒருவர் எப்படியும் பக்கத்தில் நிற்பார்.

அந்த யோசனை பிழைதான். ஆனால் நூறு வருடங்களுக்கு முன் அது சரியாக இருந்தது.

1903 இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் ஹார்லி டேவிட்சன் செய்த முதல் மோட்டார் சைக்கிளில் சங்கிலி இல்லை. எஞ்சின் கப்பியிலிருந்து பின் சில்லுக்கு ஒரு தோல் வார் ஓடியது, அவ்வளவுதான். அன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவும் இப்படித்தான். தோல் காய்ந்தால் விறைத்துப் பிளக்கும். அதனால் ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைப் பூசி இளக்கமாக வைத்தார்கள். வார் நீண்டு தொய்ந்தால் ஓட்டுநர் வழியில் இறங்கி, ஒரு துண்டை வெட்டி, துளை போட்டு, கொக்கியால் மறுபடி இணைப்பார். கொக்கியும் துளைக் கருவியும் பையிலேயே இருக்கும். மழை பெய்தால் வேறு கதை: வார் வழுக்கும், எஞ்சின் சுற்றும், வண்டி நகராது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் 1907 இல் முதல் டீ.டீ. பந்தயம் நடந்தது. அதில் வென்ற மெட்ச்லெஸ், நோர்ட்டன் இரண்டும் பெல்ட் வண்டிகள். 1911 இல் பந்தயத்தை மலைப்பாதைக்கு மாற்றினார்கள். ஏற்றத்தில் உண்மை வெளிப்பட்டது. சங்கிலியும் இரண்டு கியரும் பூட்டிய 'இந்தியன்' வண்டிகள் பெரிய பிரிவில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டன. (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதுவும் அமெரிக்கக் கம்பனிதான்.) ஆனாலும் பெல்ட் உடனே ஒழியவில்லை. முதலாம் உலகப் போரில் செய்தி சுமந்து ஓடிய ட்ரயம்ப் மொடல் எச் வண்டியின் பின் சில்லைச் சுழற்றியது பெல்ட்தான். 1920களில்தான் சங்கிலி முழுதாக வென்றது.

சங்கிலி இரும்பு, அதற்கு ஒயில் வேண்டும். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறிவிட்டது.

1980 இல் ஹார்லி 'ஸ்டர்ஜிஸ்' என்ற மொடலில் பெல்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தபோது அது தோல் அல்ல. உள்ளே உறுதியான இழைகள் ஓடும், பல் வைத்த செயற்கை இறப்பர் பெல்ட். அதற்கு ஒயிலே தேவையில்லை என்பதுதான் அதன் பெருமை. அந்த வகைப் பழைய வண்டிகளில் சத்தம் வந்தால் முதலில் பார்ப்பது, பல்லுக்கும் கப்பிக்கும் இடையில் சிக்கிய தூசியும் சிறு கல்லும், பிறகு பின் சில்லு நேராக நிற்கிறதா என்பது, பிறகு இறுக்கம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டாலே சில நேரம் சத்தம் நின்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் பெயாரிங் போகும்.

நம் ஸ்கூட்டிகளின் பெல்ட் வேறு குடும்பம். பல் பிடித்து ஓடுவதல்ல, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுந்தி உராய்ந்து ஓடுவது. பிடிப்பே உராய்வில் இருக்க, அதில் ஒயில் விட்டால் என்ன நடக்கும்? சத்தம் இரண்டு நாள் அடங்கும். பெல்ட் வழுக்கிச் சூடேறும், இறப்பர் ஊதி மெலியும். பிறகு மனைவியும் பிள்ளையும் பின்னால் இருக்கும்போது நடுவீதியில் அறும். பக்கத்திலிருக்கும் கிளட்ச்சிலும் ஒயில் பட்டால் செலவு இரட்டிப்பு.

ஆகவே கராஜில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சேர்ந்த கறுப்புத் தூளைத் துடைக்கட்டும். பெல்ட்டின் ஓரம் கண்ணாடிபோல் பளபளக்கிறதா, மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரிகிறதா, அகலம் கைநூலில் உள்ள அளவைவிடக் குறைந்துவிட்டதா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். பெல்ட் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் ரோலரையும் கிளட்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.