கூரையும் பட்டாவும்

கூரை எரிந்தால் விதி, ஒழுகினால் வினைப்பயன் என்றனர், தோழர்களே! அவ்விதியை ஓர் அரசாணை அசைத்தது. 2010-இல் குடிசையைக் கான்கிரீட் வீடாக்க 75,000 ரூபாய் மானியம் தந்தது தமிழக அரசு. 2011-இல் ஆட்சி மாறிற்று. பசுமை வீடு வந்தது, 1.80 இலட்சம். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம், 3.50 இலட்சம்.

இவை ஊரகத்துக்கு. 2021-இல் மாநகராட்சியான தாம்பரம் போன்ற நகரங்களுக்கு, 2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டம். சொந்த மனையில் கட்டுவோருக்கு அதில் 2.10 இலட்சம் தரப்பட்டது. மனை எங்கே? ஏரிப் புறம்போக்கில் பிறந்து வளர்ந்தவனிடம் ரேஷன் அட்டை உண்டு. பட்டா இல்லை, எனவே மானியமும் இல்லை!

சிக்கனமாகக் கட்டட்டுமே என்பார் உளர். லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறை செங்கலில் கால் பங்கை மிச்சமாக்கும், உண்மை. நாளை இடிப்பார்களோ என்றஞ்சுபவன் செங்கல் அடுக்குவானா? என் மாணவன் ஒருவன், வானம் கறுத்தால், புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போகிறான்.