தேநீர்க் குடுவையில் சென்ற கண்கள்

சிபிச் சக்கரவர்த்தி என்றதும் நம் நினைவுக்கு வருவன புறாவும் தராசும். சோழரைச் செம்பியர் என்று அழைத்ததே சிபியின் வழிவந்தோர் என்னும் நம்பிக்கையால்தான். ஆனால் பாலி மொழியின் ஜாதகக் கதையில் புறா இல்லை. பார்வையற்ற அந்தணனாக உருமாறி வரும் சக்கன் கண்ணை யாசிக்கிறான். மன்னன் அரண்மனை மருத்துவனை வரவழைத்துத் தன் கண்களை எடுத்துக் கொடுக்கச் செய்கிறான். தேரவாத பௌத்தம் வேரூன்றிய இலங்கையில் இக்கதை எளியவரும் அறிந்தது.

இருந்தும் அந்நாட்டில் 1950களில் கருவிழி மாற்று சிகிச்சைக்குக் கண்கள் பெரும்பாலும் தூக்குமேடையிலிருந்தே கிடைத்தன. மரண தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதும் அந்த வரத்தும் அற்றுப்போனது. பார்வைக்காகக் காத்திருந்தோர் தொகை பெருகியது. 1958இல் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஹட்சன் சில்வா, தம் மனைவியுடன் இணைந்து நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். இறந்த கண்ணுக்கு உயிர் தாருங்கள் என்பதே அதன் சாரம். சட்டத்தின் வற்புறுத்தலோ சன்மானமோ இல்லாத வெறும் வேண்டுகோள். வாசகர் திரளாக இசைவு தெரிவித்தனர்.

இசைவு வேறு, கொடை வேறு. கண்ணை இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கையொப்பமிட்டவர் அப்போது பேச முடியாது. ஒப்பாரி ஓயாத வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர்கள் மனைவியும் மக்களும். கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருக்கும். 1960இல் சில்வாவின் தாய் மறைந்தபோது அச்சோதனை அவர் வீட்டுக்கே வந்தது. தாயின் இறுதி விருப்பப்படி அவர் கண்களை எடுத்து, ஏழை விவசாயி ஒருவருக்குப் பொருத்தினார்கள். விவசாயி பார்வை பெற்றார். பிரசாரத்துக்கு உண்மையான வலு இங்கிருந்துதான் வந்தது என்பது நம் எண்ணம். கட்டுரையை மறுத்துப் பேசலாம். பெற்ற தாயின் கண்ணைக் கொடுத்தவனிடம் என்ன சொல்லி மறுப்பது?

1961இல் இலங்கைக் கண்தான சங்கம் உருவாயிற்று. பிக்குகள் கண்கொடையைத் தான பாரமிதையாக எடுத்துரைத்தனர். மறுபிறவி அச்சம், மறுபிறவிப் புண்ணியமாக மாறியது. 1964இல், தேநீர் கொண்டுசெல்லும் தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டியிட்டு, முதன்முதலாகக் கண்கள் விமானத்தில் சிங்கப்பூர் சென்றன. 2012 வாக்கில் இலங்கையரின் கொடை அறுபதினாயிரம் கருவிழிகளைக் கடந்திருந்தது. அவற்றில் பெரும்பங்கைப் பெற்ற நாடுகளுள் பாகிஸ்தானும் ஒன்று. ஜாதகக் கதையை அறிந்திராத கண்களிலும் அக்கதை இறங்கிவிட்டது எனலாம்.

சென்னை எழும்பூரில் கண் வங்கி 1945லேயே, அதாவது இலங்கைச் சங்கத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, ஏற்பட்டுவிட்டது. கதைக்கும் நமக்குக் குறைவில்லை. கண்ணப்பரைவிடப் பெரிய கண்கொடையாளர் யார்? ஆனால் கண்ணப்பர் கொடுத்தது இறைவனுக்கு. நாம் அவரைக் கோயிலில் வைத்து வணங்கினோம். பக்கத்துத் தெருவில் தடவி நடப்பவருக்கும் அவர் கதைக்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்ல, பிக்குகளைப் போல் நம் பிரசங்கிகள் முனையவில்லை.

இலங்கையில் நாட்டின் தலைவரே அவ்வுறவை ஏற்றுக்கொண்டார். முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் அரசியல் குறித்துத் தமிழராகிய நமக்குக் கசப்பான நினைவுகள் பல உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அவர் 1996இல் இறந்தபின், அவருடைய கண்கொடை ஜப்பானியருக்குப் பார்வை தந்தது.