பொழுதுபோக்கு பிழைப்பான கதை: ராஜா தீன் தயாள்

"சர்க்கார் வேலையை விட்டுட்டு போட்டோ எடுக்கப் போறேன்" என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கும்? அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார். அப்பா பேப்பரை மடித்து வைப்பார். ஊரில் இருக்கும் மாமாவுக்கு உடனே போன் போகும். சொந்த மண்ணை விட்டு வந்து, மாதச் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் நடத்துகிற நம் போன்றவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முடிவை எடுத்த ஒருவர், நாம் இன்று வாழும் இதே செகந்திராபாத்தில் கடை விரித்து ஜெயித்தார். அவர் கதையை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும், நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகைப்படக்கலை இந்தியாவுக்கு வந்த புதிதில் அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. 1854இல் பம்பாயிலும் 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. உறுப்பினர்களில் பலர் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களைப் போல ஆசைக்குக் கற்றவர்தான் சென்னைப் படையில் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப். விடுப்பில் இங்கிலாந்து போனபோது கேமரா பழகியவர், திரும்பி வந்து 1854இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசே அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் சுற்றி எடுத்த படங்கள் இன்று நமக்குப் பெரும் பொக்கிஷம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டினார் மனிதர்! ஆனால் 1859இல் வந்த கவர்னர் டிரெவெலியன், செலவு தாங்காது என்று திட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரே எஜமானரை நம்பிய தொழில், அந்த எஜமானர் கையை விரித்ததும் முடிந்துபோனது.

இனி நம் கதாநாயகருக்கு வருவோம். லாலா தீன் தயாள் 1844இல் மீரட் அருகே சர்தானாவில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். ரூர்க்கி தாம்சன் கல்லூரியில் பொறியியல் படித்து, 1866இல் இந்தூரில் பொதுப்பணித்துறையில் சேர்ந்தார். எஸ்டிமேட் போடுவதும் வரைபடம் வரைவதும் வேலை. கேமராவைத் தொட்டது 1870களின் நடுவில், முப்பது வயதை ஒட்டித்தான். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெளியூர் போனால் இருட்டறையும் கூடவே வண்டியில் போகும். கை சுத்தமும் நேரக் கணக்கும் தவறக் கூடாது. எஸ்டிமேட் போட்டுப் பழகிய கைக்கு அது பொருந்தியது போலும்.

மத்திய இந்தியாவின் பிரிட்டிஷ் ஏஜெண்டாக இருந்த சர் ஹென்றி டேலி அவரை ஊக்குவித்தார். பின்னால் வந்த சர் லெப்பல் கிரிஃபின் 1882 வாக்கில் தன் சுற்றுப்பயணத்துக்கு அவரை அழைத்துப் போனார். குவாலியர், கஜுராஹோ, சாஞ்சி ஆகிய இடங்களின் நினைவுச்சின்னங்களை அவர் எடுத்த படங்கள் 1886இல் கிரிஃபினின் நூலில் வெளியாயின. இவ்வளவு பேர் வாங்கிய பிறகும் மனிதர் அவசரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேமராவைத் தொட்டுப் பத்து ஆண்டுகள் அரசு வேலையிலேயே இருந்தார். அப்புறம் முதலில் நீண்ட விடுப்பு எடுத்தார். தொழில் கைகொடுக்கும் என்று தெரிந்த பிறகே வேலையை முழுவதுமாக விட்டார்.

1885இல் வைஸ்ராயின் புகைப்படக்காரர் என்ற பதவி கிடைத்தது. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் அவரை அரசவைப் புகைப்படக்காரராக்கி, பின்னாளில் 'ராஜா பஹதூர் முஸவ்விர் ஜங்' பட்டமும் தந்தார். அவர் அத்தோடு நின்றிருந்தால் டிரைப்பின் கதையே திரும்பியிருக்கலாம். அவரோ இந்தூர், செகந்திராபாத், பம்பாய் என்று ஸ்டுடியோக்கள் நடத்தினார். பணம் கொடுக்கும் யாரும் வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். நெகடிவ்களுக்கு எண் கொடுத்து வைத்தார். கோஷா பெண்கள் ஸ்டுடியோவுக்கு வர முடியாதே என்று யோசித்து, 1892இல் ஹைதராபாத்தில் அவர்களுக்கென்றே தனி ஸ்டுடியோ திறந்து, அதை ஒரு ஆங்கிலப் பெண்மணி பொறுப்பில் விட்டார். 1897இல் விக்டோரியா மகாராணியின் அரச அங்கீகாரமும் வந்து சேர்ந்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் உறவுக்காரர் கல்யாணத்தைப் படம் பிடித்தேன். ஒரு ரோலுக்கு 12 படம். வாசலில் கோலத்தையும் மாவிலைத் தோரணத்தையும் எடுத்தே ரோலைத் தீர்த்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் கை பிசைந்து நின்றேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே "பரவாயில்லடா, போ" என்றார். காசு வாங்கியிருந்தால் அந்தப் 'பரவாயில்லை' கிடைத்திருக்குமா? பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு சொல்தான். தீன் தயாள் அந்தத் தூரத்தை ஓட்டமாகக் கடக்கவில்லை, எண்ணி எண்ணி நடந்தார்.

1905இல் அவர் மறைந்தார். மகன் கியான் சந்த் தொழிலைத் தொடர்ந்தார். டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் அவருடைய 2,857 கண்ணாடி நெகடிவ்களை வாங்கியது. 2006இல் அஞ்சல் தலை வெளியிட்டு நாடு அவரைக் கௌரவித்தது.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பேச்சை எடுத்தால், மாமாவுக்குப் போன் போடுவதற்கு முன் அவனையோ அவளையோ உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்போம்: எத்தனை வருஷமாகப் பழகுகிறாய்? ஒருவர் கைவிட்டால் அடுத்த வாடிக்கையாளர் யார்? இதுவரை யாரும் கவனிக்காத தேவை எது, அதை உன்னால் தீர்க்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், ஆசீர்வாதம் பண்ணி அனுப்புவதில் தப்பே இல்லை.